டயரை இடமாற்றும் முறையும் ரப்பர் நாட்டு வரலாறும்

கோத்தா திங்கி வட்டாரத்தில் இன்று செம்பனைத் தோட்டங்களே கண்ணுக்கு மிகுதியாகத் தென்படுகின்றன. முன்னாளில் அவ்வட்டாரத்திலும் ஜொகூரின் பிற பகுதிகளிலும் பால்மரங்கள் நிறை நிறையாக நின்றன. விடியுமுன் எழுந்து அம்மரங்களை வெட்டியவர்களுள் தமிழ்ப் பாட்டாளிகள் பலர். அவர்கள் வடித்த பால் கட்டியாகி, தகடாகி, புகையூட்டப்பெற்று, கப்பலேறி, அயல்நாட்டு ஆலைகளில் டயராயிற்று. அந்த டயரை நெடுநாள் உழைக்கச் செய்வதற்கு மேனாட்டார் கைக்கொண்ட ஒரு சிறு வழக்கத்துள், இந்நாட்டு வரலாற்றின் ஒரு பெரும்பகுதி அடங்கியுள்ளது.

காற்றடைத்த சக்கரத்திற்கு இராபர்ட் தாம்சன் என்பார் 1845-இலேயே காப்புரிமை பெற்றார். ஆயினும் அது வழக்கில் நிலைக்கவில்லை. 1888-இல் பெல்பாஸ்ட் நகரில் கால்நடை மருத்துவராயிருந்த டன்லப், தம் மகனின் மூன்று சக்கர வண்டிக்குக் காற்றடைத்த ரப்பர்க் குழாயைப் பூட்டிய பின்னரே உலகம் அதனைத் திரும்பிப் பார்த்தது. 1895-இல் மிஷ்லின் உடன்பிறந்தார் பாரிஸ்–போர்தோ–பாரிஸ் பந்தயத்தில் காற்றடைத்த டயர் பூட்டிய காரை ஓட்டினர். வழியெல்லாம் டயர் பஞ்சரான போதிலும், காருக்கும் அது பொருந்தும் என்பது மெய்ப்பிக்கப்பட்டது.

இதற்கிடையே 1877-இல் 22 ரப்பர் நாற்றுகள் சிங்கப்பூர் வந்து சேர்ந்தன. பட்டையைச் சிதைக்காது, பழைய வெட்டின் மேலேயே மெல்லிய சீவல் எடுத்துப் பால் வடிக்கும் முறையை ரிட்லி பரப்பினார். 1896-இல் மலாக்காவில் டான் சே யான் ரப்பர் பயிரிட்டார். 1913-ஆம் ஆண்டளவில் தோட்ட ரப்பர் காட்டு ரப்பரை விஞ்சியது. மோட்டார்க் கார் பெருகப் பெருக மலாயாவில் தோட்டங்களும் பெருகின.

டயரை இடமாற்றுதல் என்பது யாது? முன்சக்கரங்கள் திரும்பும்போது அவற்றின் ஓரங்கள் சாலையில் உராய்ந்து தேய்கின்றன. பழைய ஸ்போர்ட்ஸ் கார்கள் பலவற்றில் எஞ்சினின் விசை பின்சக்கரங்களுக்கே செல்லும். ஆதலின் அவை நடுப்பகுதியில் விரைந்து தேயும். ஒரே இடத்தில் விட்டுவைத்தால் இரண்டு டயர்கள் முன்னதாகவே ஓய்ந்துவிடும். முன்னதைப் பின்னும் பின்னதை முன்னுமாக மாற்றினால் தேய்மானம் பங்கிடப்படும். உதிரி டயரையும் சுற்றில் சேர்த்தால் கணக்கு இன்னும் தெளிவு: கார் 25,000 கிலோமீட்டர் ஓடினால், ஐந்து டயர்களில் ஒவ்வொன்றும் 20,000 கிலோமீட்டரே ஓடியிருக்கும்.

இவ்வழக்கம் குடும்பக் கடமையும் நாட்டுக் கடமையும் ஆனது 1942-இல். 1941 டிசம்பர் 8-இல் ஜப்பானியர் கோத்தா பாருவில் இறங்கினர். 1942 ஜனவரி 31-இல் பின்வாங்கிய பிரிட்டிஷ் படை ஜொகூர்ப் பாலத்தைத் தகர்த்தது. பிப்ரவரி 15-இல் சிங்கப்பூர் வீழ்ந்தது. உலகின் இயற்கை ரப்பரில் ஏறத்தாழப் பத்தில் ஒன்பது பங்கு விளையும் நிலம் ஜப்பானியர் கைப்பட்டது. அமெரிக்காவில் அவ்வாண்டு ஜனவரியிலேயே டயருக்குப் பங்கீடு வந்துவிட்டது. மணிக்கு 35 மைல் என்னும் வேக வரம்பு பின்னர் வந்தது. காருக்கு ஐந்து டயர்களே வைத்துக்கொள்ளலாம். அவற்றின் வரிசை எண்களைப் பதிவு செய்தல் வேண்டும். காற்றைச் சரிபார்த்து டயர்களை இடமாற்றி ஓட்டுக என்று அறிவுரை கூறப்பட்டது.

அதே 1942-43 ஆண்டுகளில் மலாயாத் தோட்டங்கள் பலவற்றில் பால்வெட்டு நின்றது. வேலையும் அரிசியும் இழந்த பாட்டாளிகள் சயாம்–பர்மா இரயில் பாதைக்குக் கொண்டு செல்லப்பட்டனர். பேதியும் மலேரியாவும் பசியும் பல்லாயிரவரைக் கொண்டன. இறந்த ஆசியத் தொழிலாளரின் முழுமையான பெயர்ப்பட்டியல் இன்றும் இல்லை. டயருக்கு எண் குறித்து வைத்த உலகில், அதற்குப் பால் கொடுத்தவனின் பெயரைக் குறித்து வைக்க ஆளில்லாமற் போயிற்று.

போருக்குப் பின் செயற்கை ரப்பர் வளர்ந்தது. மிஷ்லின் 1946-இல் காப்புரிமை பெற்ற ரேடியல் டயரோ இயற்கை ரப்பரையே மிகுதியாக வேண்டிற்று. 1961-இல் சிங்கப்பூர் அப்பர் தாம்சன் சாலைப் பந்தயத்தில் ஆஸ்டன் மார்ட்டினும், 1962-இல் ஜாகுவார் ஈ-டைப்பும் வெற்றி கண்டன. அக்கால ஸ்போர்ட்ஸ் கார்களில் இழைகள் குறுக்காக ஓடும் பழைய வகை டயர்களே பெரிதும் இருந்தன. அவற்றை இடம் வலமாகக் குறுக்கே மாற்றலாம். தொடக்கக்கால ரேடியல் டயரையோ அதே பக்கத்தில் முன்பின்னாக மட்டும் மாற்றினர்; சுழலும் திசை மாறினால் உள்ளடுக்குகள் கெடும் என அஞ்சினர். முன்னும் பின்னும் வேறு வேறு அளவுள்ள கார்களில் முன்பின் மாற்றம் இயலாது. மிகுதியாக ஓடாமல் நிற்கும் பழங்காரில் தேய்மானத்தினும் முதுமையே பெரும்பகை. பள்ளம் ஆழமாயிருப்பினும் வெடிப்புக் கண்ட டயரை இடமாற்றிப் பயனில்லை.

தோட்டத்தில் வளர்ந்தோர்க்கு இம்முறை புதிதன்று. மரத்தை ஒருநாள் விட்டு ஒருநாள் வெட்டுவர். ஒரு பக்கத்துப் பட்டை சில ஆண்டுகளில் தீர்ந்ததும் மறுபக்கம் திறப்பர். முதற்பக்கம் ஓய்ந்து புதுப்பட்டை கட்டும். மரத்திற்கு ஓய்வு வேண்டும் என்பதைத் தோட்ட முதலாளிகள் அறிந்திருந்தனர். டயருக்கு வேண்டும் என்பதைக் கார் உடைமையாளர் அறிந்தனர். பால்வாளி சுமந்தவனின் முதுகு தேய்ந்ததையும் அக்கணக்கில் சேர்த்து எழுதுதல் வரலாறு கற்பிப்போரின் கடமையாகும். தோட்டப் பள்ளிகளில் முதியோர் வாய்மொழியாகக் கூறும் பெயர்களை மாணவர் இன்றே ஏட்டில் எழுதி வைப்பாராயின், அப்பணி ஓரளவேனும் தொடங்கியதாகும்.