இணையவழி ஒளிப்படத் திறனாய்வு

இணையவழி ஒளிப்படத் திறனாய்வு என்பது, ஒளிப்படக்கலையைத் தொழிலாகக் கொள்ளாத ஆர்வலர்கள் தாம் எடுத்த படங்களை இணையத்தில் பிற ஆர்வலர்களின் பார்வைக்கு வைத்து, அவற்றின் நிறைகுறைகளைக் காரணத்துடன் எழுதிப் பரிமாறிக்கொள்ளும் வழக்கம் ஆகும். படத்தைப் பாராட்டுவதோ மதிப்பெண் இடுவதோ மட்டும் திறனாய்வு ஆகாது. படம் ஏன் அவ்வாறு அமைந்தது, வேறு எவ்வாறு அமைந்திருக்கலாம் என்பதைப் படைத்தவருக்கு விளங்கும்படி கூறுவதே இதன் இயல்பு. 2000களில் விலை குறைந்த எண்ணிம ஒளிப்படக்கருவிகளும் அகலப்பட்டை இணைய இணைப்பும் பரவியதை அடுத்து இவ்வழக்கம் தமிழ்நாட்டிலும் வேரூன்றியது.

தமிழில் இத்துறையைக் குறிக்கப் புகைப்படம், நிழற்படம், ஒளிப்படம் என மூன்று சொற்கள் வழங்குகின்றன. பேச்சு வழக்கில் மூன்றையும் விடப் போட்டோ என்பதே மிகுதி. தமிழில் எழுதப்படும் திறனாய்வுகளிலும் ஃபோகஸ், ஷட்டர், லென்ஸ் போன்ற சொற்கள் அப்படியே இடம்பெறுகின்றன.

முன்வரலாறு

ஆர்வலர்கள் ஒன்றுகூடிப் படங்களை விவாதிப்பது ஒளிப்படக்கலையின் தொடக்கக் காலத்திலிருந்தே உள்ளது. பம்பாயில் 1854இலும் வங்காளத்தில் 1856இலும் ஒளிப்படச் சங்கங்கள் தோன்றின. சென்னையிலும் அதே பத்தாண்டில், ஓவியப் பள்ளியை நிறுவிய அலெக்சாண்டர் அண்டரின் முயற்சியால் ஒரு சங்கம் அமைந்தது. இவற்றில் உறுப்பினராக இருந்தோர் பெரும்பாலும் ஆங்கிலேய அதிகாரிகளும் வசதி படைத்த சில இந்தியர்களுமே.

இணையவழித் திறனாய்வுக்கு மிக நெருங்கிய முன்னோடி கூட்டம் கூடிய சங்கம் அன்று. அஞ்சல் வட்டம் ஆகும். 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் பிரித்தானியாவில் தோன்றிய இவ்வட்டங்களில் உறுப்பினர்கள் வெவ்வேறு ஊர்களில் இருந்தனர். அச்சிட்ட படங்கள் அடங்கிய பெட்டி ஒன்று ஒருவரிடமிருந்து அடுத்தவருக்கு அஞ்சலில் செல்லும். பெறுபவர் ஒவ்வொரு படத்துக்கும் தம் கருத்தை எழுதிச் சேர்த்து, சுற்று முடிந்த தம் பழைய படத்தையும் அதன்மேல் பிறர் எழுதியவற்றையும் எடுத்துக்கொண்டு, புதிய படம் ஒன்றை வைத்துப் பெட்டியை அனுப்பிவைப்பார். தம் படத்தின் மீதான கருத்தை அறியப் பல வாரங்கள் காத்திருக்க வேண்டும். ஆனால், பிறர் படத்துக்கு எழுதாமல் பெட்டியை அனுப்ப இயலாது என்பதே இம்முறையின் வலிமை. கருத்தைப் பெறுபவர் கருத்தைத் தரவும் கடமைப்பட்டவர்.

இந்தியாவில் விடுதலைக்குப் பின் ஆர்வலர் சங்கங்கள் பெருகின. இந்திய ஒளிப்படக் கூட்டமைப்பு 1953இல் உருவானது. இதன் அமைப்பில் பெங்களூரைச் சேர்ந்த மருத்துவர் ஜி. தாமசின் பங்கு பெரிது. பெங்களூரில் 1971இல் யூத் போட்டோகிராஃபிக் சொசைட்டி தொடங்கப்பட்டது. அந்நகரில் ஓ. சி. எட்வர்ட்சிடம் கானுயிர் ஒளிப்படம் பயின்றவர்களுள் ஒருவர் பின்னாளில் புகழ்பெற்ற டி. என். ஏ. பெருமாள். கருநாடக மாநில நிதியமைச்சராக இருந்த எம். ஒய். கோர்படேயும் ஆர்வலரே. ஆர்வலர் என்னும் சொல் திறமைக் குறைவைக் குறிப்பதன்று என்பதற்கு இவர்கள் சான்றாவர்.

இச்சங்கங்கள் நடத்தும் சலோன் எனப்படும் போட்டிக் கண்காட்சிகளைத் திறனாய்வுடன் குழப்பிக்கொள்ளலாகாது. சலோனில் நடுவர்கள் ஒரு படத்தைச் சில நொடிகளே பார்த்து மதிப்பெண் இடுவர். படம் ஏற்கப்பட்டதா இல்லையா என்பது தெரியவருமே தவிர, காரணம் பொதுவாகத் தெரியவராது. கற்றல் நிகழ்ந்தது சங்கத்தின் மாலைக் கூட்டங்களில்தான்.

சிற்றூர்களின் நிலை

சங்கக் கூட்டத்துக்குச் செல்ல நகரத்தில் இருக்க வேண்டும். கிருட்டிணகிரி மாவட்டம் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. 2004இல் தருமபுரியிலிருந்து பிரிக்கப்பட்ட இம்மாவட்டத்தின் மேற்கு விளிம்பில் உள்ள ஓசூர், பெங்களூருக்கு ஏறத்தாழ 40 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது. ஓசூர் ஆர்வலர் ஒருவர் பெங்களூரில் நடக்கும் மாலைக் கூட்டத்துக்குச் சென்று இரவே வீடு திரும்பிவிடலாம். மாவட்டத்தின் மறுபுறம் உள்ள போச்சம்பள்ளிக்கு அது எளிதன்று. அங்கும் சிப்காட் தொழிற்பேட்டை உண்டு. முறைப்பணி நேரத்தில் வேலை செய்வோருக்கு மாலை என்பது வாரத்துக்கு வாரம் மாறும். எந்நேரமும் எழுதலாம், எந்நேரமும் படிக்கலாம் என்ற இணையத்தின் இயல்பு இத்தகைய ஊர்களுக்கே மிகுந்த பயன் தருவது.

இணையத்துக்கு மாற்றம்

அமெரிக்காவில் பிலிப் கிரீன்ஸ்பன் 1990களில் தொடங்கிய போட்டோ.நெட் தளம், படம் இட்டுத் திறனாய்வு கோரும் முறையை முதலில் பரவலாக்கியவற்றுள் ஒன்று. அங்கு அழகியல், தனித்தன்மை ஆகிய இரண்டுக்கும் 1 முதல் 7 வரை மதிப்பெண் இடப்பட்டது. நண்பர்கள் தமக்குள் 7 வழங்கிக்கொள்வதும், குறைந்த மதிப்பெண் இட்டவர்மீது பழிவாங்கும் வகையில் மதிப்பெண் இடுவதும் அங்கே ஓயாத பூசலுக்குக் காரணமாயின.

2004 பெப்ரவரியில் கனடாவின் வான்கூவரில் ஃப்ளிக்கர் தொடங்கப்பட்டது. 2005இல் யாகூ நிறுவனமும் 2018இல் இசுமக்மக் நிறுவனமும் இதை வாங்கின. ஒரு பொருள், ஓர் ஊர் அல்லது ஒரு லென்ஸ் என எதை மையமாகக் கொண்டும் பயனர்கள் குழு அமைக்க இத்தளம் இடமளித்தது. படத்தின் ஒரு பகுதியைக் கட்டமிட்டு அதன்மேல் குறிப்பு எழுதும் வசதி திறனாய்வாளர்களுக்குப் பெரிதும் உதவியது. "இடப்புறம் மேலே உள்ள வெளிச்சம்" என்று சுற்றிவளைத்து விளக்க வேண்டியதில்லை.

இதே காலத்தில் கேனான் 300டி (2003), நிக்கான் டி70 (2004) ஆகியவை ஒற்றை லென்ஸ் எண்ணிமக் கருவியை ஆர்வலரின் எட்டுக்குள் கொண்டுவந்தன. இந்திய அரசின் 2004ஆம் ஆண்டு அகலப்பட்டைக் கொள்கை, நொடிக்கு 256 கிலோபிட் வேகத்தையே அகலப்பட்டை என வரையறுத்திருந்தது. இந்த வேகத்தில் முழு அளவுப் படத்தை ஏற்றுவது பொறுமையைச் சோதிக்கும் செயல். எனவே படத்தின் அகலத்தை 800 அல்லது 1024 படப்புள்ளிகளாகக் குறைத்து இடுவது வழக்கமானது. கூர்மைக் குறைவு அச்சிறு அளவில் மறைந்துவிடும் என்பதால் அக்காலத் திறனாய்வுகள் படத்தின் அமைப்பையும் நிறத்தையும் பற்றியே மிகுதியாகப் பேசின.

தமிழில் 2007இல் தோன்றிய "தமிழில் புகைப்படக்கலை" என்ற கூட்டு முயற்சி, மாதந்தோறும் ஒரு தலைப்பு அறிவித்துப் போட்டி நடத்தியதுடன் பாடங்களையும் வெளியிட்டது. சென்னையில் 2000களின் பிற்பகுதியில் தோன்றிய சென்னை வீக்கெண்ட் கிளிக்கர்சு குழுவினர் வார இறுதியில் நகரின் ஒரு பகுதியில் ஒன்றாக நடந்து படமெடுத்து, அவற்றை இணையத்தில் பகிர்ந்தனர். ஒரே தெருவை ஒரே காலையில் இருபது பேர் எவ்வாறு வேறுவேறாகப் பார்த்தனர் என்பதை ஒப்பிடுவதற்கு இதைவிடச் சிறந்த வாய்ப்பு இல்லை.

திறனாய்வு நிகழும் விதம்

எண்ணிமப் படக்கோப்பில் கருவியின் பெயர், ஷட்டர் வேகம், லென்ஸ் துளையின் அளவு, உணர்திறன், எடுத்த நேரம் ஆகியவை தாமாகவே பதிவாகின்றன. எக்சிஃப் எனப்படும் இத்தகவல் முறை 1995இல் சப்பானில் வகுக்கப்பட்டது. படச்சுருள் காலத்தில் இவற்றைக் குறிப்பேட்டில் எழுதிவைக்காதவரிடம் "என்ன வேகத்தில் எடுத்தீர்கள்?" என்று கேட்டுப் பயனில்லை. எக்சிஃப் இருப்பதால் தொலைவில் இருப்பவரும் தவறின் காரணத்தைக் கண்டறிய இயலும்.

போச்சம்பள்ளியில் ஞாயிற்றுக்கிழமை கூடும் வாரச்சந்தையில் ஒருவர் ஆட்டு வணிகரைப் படமெடுத்ததாகக் கொள்வோம். அவர் நீலத் தார்ப்பாயின் கீழ் நிற்கிறார். கையில் வெள்ளாட்டின் கயிறு. பின்னால் வெயில் காயும் வெளி. இப்படத்துக்கு "அருமை" என்று எழுதுவதும் "சரியில்லை" என்று எழுதுவதும் ஒன்றே. இரண்டிலும் கற்பதற்கு எதுவும் இல்லை. பயனுள்ள கருத்துகள் வேறு வகையானவை. முகம் நீலமாகத் தெரிவதற்குக் கருவி காரணமன்று. தார்ப்பாயின் ஊடே வரும் ஒளியே நீலமானது. வெண்சமநிலையைக் கையால் திருத்தலாம், அல்லது வணிகர் இரண்டடி வெளியே வரும்வரை காத்திருக்கலாம் என்று ஒருவர் எழுதுவார். கருவியின் ஒளிமானி, தான் பார்க்கும் காட்சி நடுத்தரச் சாம்பல் நிறம் என்றே கொண்டு கணக்கிடுவதால், பின்னணி வெயிலைக் கண்டு ஏமாந்து முகத்தை இருட்டாக்கிவிட்டது என்று மற்றொருவர் விளக்குவார். ஆட்டின் தலை மங்கியிருப்பது குவியத் தவறால் அன்று. நொடியில் 60இல் ஒரு பங்கு வேகத்தில் ஆடு தலையசைத்ததால் என்று மூன்றாமவர் எக்சிஃபைக் காட்டுவார். நான்காமவரின் கருத்து பெரும்பாலும் மிக எளியதாகவும் மிகப் பயனுள்ளதாகவும் இருக்கும்: கயிறு கையிலிருந்து ஆட்டின் கழுத்துக்குச் செல்லும் வழியில் படத்தின் விளிம்பால் வெட்டப்பட்டுள்ளது, அந்தக் கயிறுதானே இப்படத்தின் கதை?

முதல் மூன்றும் நுட்பக் குறைகள். நூலில் படித்தும் அறியலாம். கடைசியானது, எடுத்தவர் தாம் எதை எடுத்தார் என்பதையே அறியாதிருந்ததைச் சுட்டுவது. இதைப் பிறர் கண் கொண்டே காண முடியும். படமெடுத்தவருக்கு அன்றைய சந்தையின் ஓசையும் வெயிலும் நினைவில் இருப்பதால் அவை படத்திலும் உள்ளன என எண்ணிக்கொள்வார். பார்ப்பவருக்கோ சட்டகத்துக்குள் இருப்பது மட்டுமே தெரியும்.

மூன்றில் ஒரு பங்கு விதி போன்றவற்றை மனப்பாடமாகக் கொண்டு ஒவ்வொரு படத்தின் கீழும் எழுதுவோரும் உண்டு. புதியவர்கள் விரைவில் கற்றுக்கொள்ளும் திறனாய்வு இதுவே என்பதால் இது எங்கும் மிகுதியாகக் காணப்படுகிறது.

பாராட்டின் பெருக்கம்

இணையவழித் திறனாய்வின் முதன்மைக் குறையாகக் கருதப்படுவது பாராட்டே. ஃப்ளிக்கரின் பல குழுக்களில், ஒரு படம் இட்டால் பிறருடைய இரண்டு படங்களுக்குக் கருத்து எழுத வேண்டும் என்ற விதி இருந்தது. இது அஞ்சல் வட்டத்தின் கைம்மாறு முறையை ஒத்ததாகத் தோன்றினாலும் விளைவு வேறாக இருந்தது. எழுத வேண்டிய கடமையை முடிக்க, மின்னும் விருதுப் படிமங்களை ஒட்டிச் செல்வது வழக்கமாயிற்று. அஞ்சல் வட்டத்தில் உறுப்பினர் சிலரே. வெற்றுரை எழுதியவரை அடுத்த சுற்றில் அனைவரும் அறிவர். ஆயிரக்கணக்கானோர் உள்ள குழுவில் அந்த நாணம் இல்லை.

இதற்கு எதிராகத் தோன்றியது டிலீட் மீ என்ற ஃப்ளிக்கர் குழு. இதில் இடப்படும் படத்துக்கு உறுப்பினர்கள் "காக்க" அல்லது "நீக்க" என்று வாக்களிப்பர். 2006இல் உறுப்பினர் ஒருவர், பிரெஞ்சு ஒளிப்படக் கலைஞர் ஆன்றி கார்ட்டியே-பிரெசோன் 1932இல் இயேர் நகரில் எடுத்த, சுழற்படிக்கட்டின் அருகே மிதிவண்டி ஒன்று விரையும் புகழ்பெற்ற படத்தை இக்குழுவில் இட்டார். மிதிவண்டி மங்கலாக உள்ளது, கூர்மை இல்லை என்பன போன்ற காரணங்களால் அது நீக்க வாக்களிக்கப்பட்டது. இந்நிகழ்வு ஆர்வலர்களின் அறியாமைக்குச் சான்றாக அடிக்கடி எடுத்துக்காட்டப்படுகிறது. அவ்வாறு கூறுவது முழுதும் நேர்மையானதன்று. பெயர் நீக்கப்பட்ட படம் ஒன்றை அஞ்சாமல் குறைகூறிய குழு, பெயருக்காகப் பாராட்டும் குழுவைவிடத் தாழ்ந்ததாகாது. மங்கலே அப்படத்தின் விரைவு என்பதைக் காணத் தவறியதுதான் அவர்களின் பிழை.

2010இல் இன்சுட்டாகிராம் வந்தபின் கருத்தின் இடத்தை விருப்பக்குறியும் அதன் எண்ணிக்கையும் பெருமளவு பிடித்துக்கொண்டன.

விக்கிமீடியா பொதுவகம்

2004 செப்டம்பரில் தொடங்கப்பட்ட விக்கிமீடியா பொதுவகத்தில் நடைபெறும் திறனாய்வு சற்று வேறுபட்டது. இங்கு படம் அழகாக இருந்தால் போதாது. எதைக் காட்டுகிறது என்பது தெளிவாக விளக்கப்பட்டிருக்கவும் வேண்டும். சிறப்புப் படத்துக்கான முன்மொழிவு ஒன்பது நாட்கள் வாக்கெடுப்பில் இருக்கும். குறைந்தது ஏழு ஆதரவு வாக்குகளும் மூன்றில் இரண்டு பங்கு ஆதரவும் தேவை. எதிர்ப்போர் காரணம் எழுதுவதே நன்முறையாகக் கருதப்படுகிறது. படங்கள் முழு அளவில் ஆராயப்படுவதால், 2000களின் சிறு படங்களில் மறைந்திருந்த கூர்மைக் குறை, சாய்ந்த தொடுவானம், தூசுப்புள்ளி ஆகியவை இங்கு தப்புவதில்லை.

தமிழ் விக்கிப்பீடியர்கள் 2011 நவம்பர் முதல் 2012 பெப்ரவரி வரை நடத்திய ஊடகப் போட்டியில் தமிழர் வாழ்வும் பண்பாடும் சார்ந்த பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட கோப்புகள் பொதுவகத்தில் சேர்ந்தன. இவற்றுள் பல, கலை நோக்கில் எளிய படங்களே. ஆனால், ஒரு வேளாண் கருவியோ சிற்றூர்க் கோயிலோ பற்றிய கட்டுரைக்குப் படமே இல்லாத நிலையில், எளிய படத்தின் மதிப்பு வேறு.

கானுயிர்ப் படங்களும் இடக்குறிப்பும்

படத்தை எடுத்த முறை சரியா என்ற கேள்வியும் திறனாய்வில் எழுகிறது. பறவைக் கூடுகளை நெருங்கி எடுத்த படங்களை இந்தியாவின் பல கானுயிர் ஒளிப்படக் குழுக்கள் ஏற்பதில்லை. மறைப்பாக உள்ள கிளைகளை விலக்கிப் படமெடுத்தால் குஞ்சுகள் வெயிலுக்கும் இரைகொல்லிகளுக்கும் ஆளாகும் என்பது காரணம். பன்னாட்டு அமைப்புகள் 2014இல் ஏற்ற பொது வரையறையின்படி, இயற்கைப் பிரிவுப் படத்தில் எதையும் சேர்ப்பதோ நீக்குவதோ இடம்மாற்றுவதோ கூடாது.

படம் எடுத்த இடத்தைத் துல்லியமாகக் குறிப்பது கட்டடத்துக்கும் நடுகல்லுக்கும் நன்மை, விலங்குக்கு அவ்வாறன்று. பன்னேருகட்டா காட்டிலிருந்து ஓசூர் அருகே உள்ள சானமாவு காப்புக்காட்டுக்கு யானைக்கூட்டங்கள் வந்து செல்வதுண்டு. கூட்டம் நிற்கும் இடம் படத்துடன் அன்றே வெளியானால் வேடிக்கை பார்ப்போர் திரள்வர்; மிரண்ட யானைகளால் வயல்களுக்கும் உயிருக்கும் ஆபத்து நேரலாம். இத்தகைய படங்களில் இடக்குறிப்பை நீக்கச் சொல்வதும், சில வாரங்கள் கழித்து வெளியிடச் சொல்வதும் பொறுப்புள்ள குழுக்களில் திறனாய்வின் பகுதியாகவே கொள்ளப்படுகின்றன.

அழிவும் எஞ்சியதும்

இணையத்தில் எழுதப்பட்ட திறனாய்வு நிலைத்திருக்கும் என்ற எண்ணம் பொய்த்தது. இந்தியாவில் பெரிதும் புழங்கிய ஆர்க்குட் 2014 செப்டம்பர் 30 அன்றும், ஒளிப்பட ஆர்வலர் பலர் கூடியிருந்த கூகுள் பிளசு 2019 ஏப்ரலிலும் மூடப்பட்டன. ஃப்ளிக்கர் 2018இல் இலவசக் கணக்குகளுக்கு ஆயிரம் படங்கள் என வரம்பு விதித்தது. படைப்பாக்கப் பொதும உரிமத்தில் வெளியான படங்களுக்கு மட்டும் விலக்கு அளிக்கப்பட்டது. படங்களைப் பலர் தம் கணினியில் வைத்திருந்தனர். அவற்றின் கீழ் பிறர் எழுதிய கருத்துகளைப் பெரும்பாலோர் படியெடுத்து வைக்கவில்லை. அஞ்சல் வட்டத்தினர் சுற்று முடிந்ததும் தம் படத்துடன் கருத்துத் தாளையும் எடுத்துக்கொண்டனர். அத்தாள்களில் சில இன்றும் எஞ்சியுள்ளன.