பிளான்டையரிலிருந்து புறப்பட்ட டி23580

2004ஆம் ஆண்டு. மலாவி நாட்டின் பிளான்டையர் நகரில், குயின் எலிசபெத் மத்திய மருத்துவமனைக்குக் காய்ச்சலோடு ஒரு குழந்தை வந்தது. வயது இரண்டைத் தாண்டியிருந்தது. மலேரியாவும் இரத்தசோகையும் இருந்தன, எச்.ஐ.வி. இல்லை. அதன் இரத்தத்தைச் சோதனைக் குப்பியில் இட்டு, அதிலுள்ள கிருமியை வளர்த்தபோது கிடைத்தது சால்மோனெல்லா டைஃபிமூரியம். ஆய்வகம் அதற்கு இட்ட பெயர் டி23580.

பிற நாடுகளில் இந்த இனம் பெரும்பாலும் வயிற்றுப்போக்கோடு ஓய்ந்துவிடும். மலாவியிலோ பெரும்பாலும் வயிற்றுப்போக்கே இல்லாமல் இரத்தத்தில் நுழைந்து உயிரைக் குடிக்கிறது. வெறும் காய்ச்சல்தான் தெரியும். மலேரியா என்றே நினைக்கத் தோன்றும். 1998 முதல் அந்த மருத்துவமனையில் இரத்தத்திலுள்ள கிருமிகளைத் தொடர்ந்து வளர்த்துப் பார்த்து வந்ததால்தான் இது பிடிபட்டது.

உறையவைத்துக் காத்த கிருமி இங்கிலாந்தின் சாங்கர் நிறுவனத்துக்குப் போய்ச் சேர்ந்தது. அதன் மரபணுத்தொகுதி முழுவதையும் படித்து 2009இல் வெளியிட்டார்கள். எஸ்.டி.313 என்ற தனி வகை அது. குளோராம்ஃபெனிகால் உட்படப் பல மருந்துகளை முறிக்கும் மரபணுக்களைச் சுமந்திருந்தது. குடலில் வாழத் தேவையான சில மரபணுக்கள் சிதைந்துபோயிருந்தன. டைஃபாய்டு கிருமியிலும் இதே போக்கு உண்டு. 2012இல் ஆப்பிரிக்காவின் பல நாட்டு மாதிரிகளை ஒப்பிட்டபோது, எஸ்.டி.313இன் இரு கிளைகள் அதற்குச் சுமார் 52, 35 ஆண்டுகளுக்கு முன் தனித்தனியே தோன்றியவை என்று தெரிந்தது. எச்.ஐ.வி. பரவிய காலத்தை ஒட்டியே அவையும் பரவியிருக்கின்றன. டி23580 இரண்டாம் கிளையைச் சேர்ந்தது.

என்னை மிகவும் உலுக்கியது 2018இல் லிவர்பூலில் ஆய்வாளர் ஜே ஹின்டனின் குழு கண்டறிந்தது. பிஜிடிஇ என்ற மரபணுவை முடுக்கும் பகுதியில் ஒரே ஓர் எழுத்து மாறியிருக்கிறது. அதனால் அந்த மரபணு தரும் நொதி மிகுதியாக உருவாகி, கிருமியைக் கொல்ல வரும் இரத்தப் புரதங்களை வெட்டிப்போடுகிறது. சுமார் 49 லட்சம் எழுத்துகளில் ஒன்று!

டி23580ஐப் போலவே பிறகு ஆயிரக்கணக்கான மாதிரிகள் இங்கிலாந்துக்கு வந்தன. வெப்பத்தால் கிருமியைக் கொன்று, குளிர்பெட்டி இல்லாமலே அனுப்பும் முறையை அதே லிவர்பூல் குழு பின்பற்றியது. ஒரு மரபணுத்தொகுதியைப் படிக்கும் செலவு 10 டாலருக்கும் கீழே இறங்கியது. ஆனால் 2017இல் மட்டும் இப்படி இரத்தத்தில் நுழையும், டைஃபாய்டு அல்லாத சால்மோனெல்லா தொற்றுக்கு உலகில் சுமார் 77,500 பேர் பலியானதாக மதிப்பீடு. அவர்களில் பெரும்பாலோர் ஆப்பிரிக்கர்கள். அங்கே பல மருத்துவமனைகளில் இரத்தத்திலுள்ள கிருமியை வளர்த்துப் பார்க்கும் வசதியே இன்னும் இல்லை. பணம் முதலில் அந்தக் குப்பிகளுக்குத்தான் போக வேண்டும்.