கொலம்பஸ் நகரின் கட்டடங்கள்

அமெரிக்காவின் இந்தியானா மாநிலத்துக் கொலம்பஸ் ஒரு சிறுநகரம். ஆயினும், கட்டடக்கலை என்றதும் என் நினைவுக்கு முதலில் வருவது அதுவே. 1942இல் எலியேல் சாரினென் வடிவமைத்த தேவாலயம் அங்கே எழுந்தது. 1950களில், டீசல் இயந்திரங்கள் தயாரிக்கும் கம்மின்ஸ் நிறுவனத்தின் தலைவர் இர்வின் மில்லர், சிறந்த கட்டடக் கலைஞர்களை அமர்த்தினால் அவர்களது கட்டணத்தை நிறுவனத்தின் அறக்கட்டளையே செலுத்தும் என்றார். பாடசாலைகளும் தீயணைப்பு நிலையமும் அவ்வாறே உருவாகின.

எலியேலின் மகன் ஈரோ வடிவமைத்த வடக்குக் கிறிஸ்தவத் தேவாலயம், அவர் மறைந்து மூன்றாண்டுகளின் பின், 1964இல் நிறைவுற்றது. அதன் கூர்முனை 192 அடி உயரமானது. 2000இல் அது தேசிய வரலாற்றுச் சின்னமாயிற்று. அந்தப் பெருமையால் இருக்கைகளை நிரப்ப இயலவில்லை. அங்கத்தவர் குறைந்து, 2022இல் சபை கலைந்தது. கட்டடத்தைக் காப்பதிலும், அதில் கூடுவோரைக் காப்பதே அரிது என எனக்குத் தோன்றுகிறது.