யூதப் பெண்களுக்காகப் பேசிய பெர்த்தா அம்மையார்

ஐரோப்பாவில் யூதர்கள் பட்ட துன்பம் என்றதும் ஹிட்லரும் அவர் நடத்திய கொலை முகாம்களுமே நம் நினைவுக்கு வருகின்றன. அச்சமூகத்துப் பெண்களுக்கு வேறொரு சுமையும் இருந்தது. வெளியே யூத வெறுப்பு. வீட்டுக்குள்ளே பெண் என்ற தாழ்வு. இவ்விரண்டையும் எதிர்த்து நின்ற பெர்த்தா பாப்பன்ஹைம் என்னும் அம்மையாரை இன்று அறிந்து கொள்வோம்.

அவர் 1859-ஆம் ஆண்டு வியன்னா நகரில், வசதியான யூதக் குடும்பத்தில் பிறந்தவர். ஆயினும் பெண்பிள்ளை என்பதால் 16 வயதோடு படிப்பு நின்றது. பின்னர் ஜெர்மனியிலுள்ள பிராங்க்பர்ட் நகரில் குடியேறி, அநாதைச் சிறுமியர் இல்லம் ஒன்றைப் பல ஆண்டுகள் நடத்தினார்.

1903-இல், அந்நாளில் ஆஸ்திரியாவின் ஆட்சிக்கு உட்பட்டிருந்த கலீசியாவுக்குச் சென்றார். அங்கே யூதக் குடும்பங்கள் வறுமையில் உழன்றன. வெளிநாட்டில் நல்ல சம்பாத்தியம் என்று சொல்லிக்கொண்டு ஒருவன் வருவான். சீதனமே வேண்டாம் என்பான். ஏழைத் தகப்பனுக்கு வேறென்ன வேண்டும்? இரண்டு சாட்சிகள் முன்னே மோதிரம் அணிவித்தால் சமயப்படி திருமணம் முடிந்தது. அரசாங்கப் பதிவு இல்லாததால், சட்டத்தின் முன் அவள் மனைவியல்ல. கப்பலேற்றிக் கொண்டுபோய், போனஸ் அயர்ஸ் போன்ற தூர நகரங்களின் விபசார விடுதிகளில் விற்றுவிடுவான். எல்லாச் சமயத்தாரும் இந்த ஈனத் தொழிலில் இருந்தனர், யூதர்களும் இருந்தனர்.

அதை அம்மையார் பகிரங்கமாகவே சொன்னார். பையன்களுக்கு வேதம் கற்பித்து, பெண்களை ஒன்றும் அறியாதவர்களாக வளர்த்ததுதான் இந்தக் கேட்டுக்கு வழி என்றும் குற்றஞ்சாட்டினார். சமூகப் பெரியவர்கள் பதறினார்கள். நம்மை வெறுப்பவர்களுக்கு நாமே தடி எடுத்துக் கொடுப்பதா என்பது அவர்கள் கவலை. அது வீண் அச்சமன்று. 1925-இல் வெளிவந்த தம் நூலில் ஹிட்லர் அந்த வியாபாரத்தின் பழியை யூதர் தலையிலேயே போட்டார். ஆனால் பெரியவர்கள் மௌனமாக இருந்ததால் விற்கப்பட்ட ஒரு பெண்ணாவது வீடு திரும்பினாளா?

அம்மையார் 1904-இல் யூதப் பெண்கள் சங்கத்தை நிறுவினார். அதில் சுமார் 50,000 பெண்கள் சேர்ந்தார்கள். 1907-இல் பிராங்க்பர்ட்டுக்கு அருகே நொய்-இசன்பர்க் என்ற ஊரில் ஓர் இல்லம் திறந்தார். ஏமாற்றப்பட்ட பெண்களும், மணமாகாமலே தாயானவர்களும், அவர்களுடைய குழந்தைகளும் அங்கே தங்கினர். தையலும் வீட்டு வேலையும் கற்றனர்.

ஹிட்லர் ஆட்சிக்கு வந்தபின் இன்னொரு வேடிக்கையும் நடந்தது. 1934-இல் நியூரம்பர்க் நகரில் பெண்களிடம் பேசிய அவர், பெண் விடுதலை என்ற சொல்லே யூத மூளை கண்டுபிடித்தது என்றார். பெண்ணை விற்பவனும் யூதன், பெண்ணுக்கு உரிமை கேட்கச் சொல்பவனும் யூதனாம்!

1936-இல் இல்லத்துப் பெண் ஒருத்தி ஹிட்லரை இழிவாகப் பேசியதாகப் புகார் எழுந்தது. நோயுற்றிருந்த அம்மையாரை இரகசியப் போலீசார் அழைத்து விசாரித்தார்கள். அதே ஆண்டு மே மாதம் அவர் காலமானார். 1938 நவம்பரில் யூதர் வீடுகளும் கோயில்களும் நாடெங்கும் தாக்கப்பட்டபோது அந்த இல்லத்துக்கும் தீ வைத்தனர். 1942-இல் அதை மூடி, எஞ்சியிருந்தவர்களை முகாமுக்கு அனுப்பினார்கள்.