இல்லாத கால் உளையிற கதை

ஜெயபுரம் பக்கம், ஷெல்லிலயோ மிதிவெடியிலயோ கால் இழந்த ஆக்கள் எல்லா ஊரிலயும் இருக்கினம். அவையில் சிலர், "இல்லாத கால் உளையுது" எண்டு சொல்லுவினம். கேக்கிற சனம் அதை மனப்பிரமை எண்டு விட்டிடும். மருத்துவமும் கனகாலம் அப்படித்தான் இருந்தது.

அமெரிக்க உள்நாட்டுப் போரில் கை, கால் இழந்த சிப்பாய்களுக்கு வைத்தியம் பார்த்தவர் சைலஸ் வெயர் மிச்சல். 1871இல் அவர் இதை 'மாய அவயவம்' என்று எழுதினார். பெயர் கிடைத்தது, காரணம் கிடைக்கவில்லை.

1965இல் ரொனால்ட் மெல்சாக், பற்றிக் வோல் இருவரும் முண்ணாணில் ஒரு வாசல் இருக்கிறது என்றார்கள். எங்கட பேச்சில சொன்னா, ஒரு படலை. தொடுகையைக் கொண்டுவரும் தடித்த நரம்பு நார்கள் அதைச் சாத்தும்; வலியைக் கொண்டுவரும் மெல்லிய நார்கள் திறக்கும். அடிபட்ட இடத்தை நாங்கள் தேய்க்கிறதும் படலையைச் சாத்தத்தான். 1967இல் வோலும் வில்லியம் சுவீற்றும் நோயாளிகளின் நரம்புகளுக்கு மெல்லிய மின்சாரம் கொடுத்தார்கள். சிலருக்கு அதை நிறுத்திய பிறகும் அரை மணிநேரம் வலி வரவில்லை. இன்றைக்கு பிசியோதெரபியில் தோலில் ஒட்டுகிற 'டென்ஸ்' கருவி இந்த வழியில் வந்ததுதான்.

ஆனா படலை ஏன் சிலருக்குத் திறந்தபடியே நிற்குது? பதிலின் ஒரு பகுதி ஒரு வாயுவில் இருந்தது: வாகனப் புகையிலும் இருக்கிற நைத்திரிக் ஒட்சைட்டு. நரம்புக் கலங்களும் இதைச் செய்தியாகப் பாவிக்கின்றன என்பது 1980களின் கடைசியில்தான் தெரியவந்தது. வலி நார்கள் பலமாக, திரும்பத் திரும்பத் தூண்டப்பட்டால் முண்ணாண் கலங்களுக்குள் கல்சியம் புகும். அது ஒரு நொதியத்தை எழுப்ப, வாயு உருவாகும். சில செக்கன்தான் அதன் ஆயுள். ஆனால் கலமென்சவ்வு அதைத் தடுக்காது. செய்தி அனுப்பிய நரம்புக்கே திரும்பிப் போய், இன்னும் அனுப்பத் தூண்டும். 1990களில் விலங்குகளின் முண்ணாணில் இந்த வாயு உருவாவதைத் தடுத்தபோது மிகைவலி குறைந்தது.

அப்ப மருந்து? லேசில்லை. இரத்தக்குழாயை விரிக்கிறதும் இதே வாயுதான். அதைக் கண்டுபிடித்ததற்கே 1998இல் நோபல் பரிசு கிடைத்தது. உடம்பு முழுக்கத் தடுத்தால் இரத்த அழுத்தம் ஏறும். மாய அவயவ வலியில் மூளைக்கும் பங்கு இருக்கு. முண்ணாணோடு மட்டும் கதை முடியாது.

ஜெய்ப்பூர் கால் போட்டு நடந்தாச்சு எண்டதோட எல்லாம் சரி எண்டு நினைக்கிறம். காயம் ஆறின பிறகும் நரம்பு அதை மறக்காமல் இருக்கலாம். அடுத்தமுறை ஒராள் இல்லாத கால் உளையுது எண்டு சொன்னா, சிரிக்காமல், எந்த இடத்தில எண்டு கேளுங்கோ.