பவுன்ஸ் பஃபர்
பந்து தரையில் பட்டு எழும்புவது பவுன்ஸ். இங்கே எழும்புவது தரவு. செயலியின் உதவியின்றிச் சாதனமே நினைவகத்தை நேரடியாக அணுகுவது டிஎம்ஏ. பழைய ஐஎஸ்ஏ பஸ்ஸில் அதற்கு 24 பிட் முகவரிதான். 16 எம்பிக்கு மேலுள்ள நினைவகம் எட்டாது. 32 பிட் வட்டுக் கட்டுப்படுத்திக்கு எல்லை 4 ஜிபி. அதைத் தாண்டிய முகவரியைக் கொடுத்தால் மேல் பிட்டுகள் வெட்டுப்பட்டு, தரவு வேறு எதன் மீதோ போய் விழலாம். பிழைச்செய்திகூட வராமல் போகலாம், அதுதான் கொடுமை. ஆகவே சாதனத்துக்கு எத்தனை பிட் எட்டும் என்று இயக்கி முன்பே அறிவிக்க வேண்டும். லினக்ஸில் இது டிஎம்ஏ மாஸ்க். எட்டாத முகவரி என்றால், வட்டிலிருந்து வருவது முதலில் கீழ் நினைவகத்து இடையகத்தில் இறங்கும். செயலி அதை உரிய இடத்துக்குப் படியெடுக்கும். அந்தத் துள்ளலால் வந்த பெயர் இது. எழுதும்போது திசை மாறும். சாதனம் தரும் முகவரியை நினைவக முகவரியாக மாற்றித் தரும் ஐஓஎம்எம்யு உள்ள கணினியில் இந்தச் சுற்றுவழி பெரும்பாலும் தேவைப்படாது.