வேலூர்க் கோட்டையும் தலைப்பாகைச் சட்டமும்

கி.மு. முதலாம் நூற்றாண்டின் கிரேக்க வரலாற்றாசிரியர் டியோடோரஸ், கெல்ட் இனத்தவரான கவுல் மக்களின் உடையை வியப்புடன் வருணித்துள்ளார். பல வண்ணச் சாயமேற்றிய சட்டை, 'பிராக்கே' என்னும் காற்சட்டை, கட்டங்கள் நெய்த போர்வை ஆகியன அவ்வுடையாகும். தைக்காத ஆடையைப் போர்த்திய உரோமர்க்கோ காற்சட்டை அநாகரிகத்தின் அடையாளம். தென்கவுல் பகுதியைக் 'காற்சட்டைக் கவுல்' என்றே அவர்கள் வழங்கினர்.

அக்கெல்ட் மொழிக் குடும்பத்தைச் சார்ந்த ஸ்காட்லாந்து மலைநாட்டினர் 1746இல் கல்லோடன் போரில் தோற்றபோது, பிரிட்டிஷ் நாடாளுமன்றம் அவர்களின் உடையின்மீதே கைவைத்தது. கட்டம் போட்ட போர்வையும் இடுப்பாடையும் அணிந்தவர்க்கு முதல் முறை ஆறு மாதச் சிறை; மறுமுறை ஏழாண்டு நாடுகடத்தல். 1782இல்தான் அச்சட்டம் நீங்கிற்று. இதில் ஒரு விந்தை உண்டு. மன்னரின் படையில் சேர்ந்தவர்க்கு மட்டும் அதே உடை அனுமதிக்கப்பட்டிருந்தது!

நம் வேலூரில் நிகழ்ந்தது இதன் மறுதலை. இங்கே ஊராரின் உடையைக் கும்பெனி தொடவில்லை; சிப்பாயின் உடையைத் தொட்டது. தளபதி சர் ஜான் கிரடாக்கின் காலத்தில், சீருடையில் இருக்கும்போது நெற்றிக் குறியும் காதணியும் கூடா, தாடையை மழித்திட வேண்டும் என ஆணையிட்டனர். தோல் குஞ்சம் பொருத்திய புதிய தலைப்பாகையையும் திணித்தனர். 1806 மே மாதத்தில் வேலூர்ச் சிப்பாய்கள் அதனை அணிய மறுத்தனர். அவர்களுள் ஓர் இந்துவும் ஒரு முஸ்லிமும் கசையடி பெற்றுப் படையிலிருந்து விலக்கப்பட்டனர்.

இந்நிகழ்ச்சியைப் பேசுவோர் பெரும்பாலும் தோல் குஞ்சத்தையே முன்னிறுத்துவர். தோல் வாணிபத்தில் பழகிய ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டுப் பெருமக்கள் சற்றுச் சிந்திக்க வேண்டிய இடம் இது. பதனிட்ட தோல் தூய்மையானது என்பது ஹதீஸின் வழிவந்த சட்டம். விலங்குகளில் பன்றியின் தோல் மட்டுமே ஹனஃபி மத்ஹபில் பதனிட்ட பின்னும் தூய்மையாவதில்லை. ஆகவே முஸ்லிம் சிப்பாய்க்குத் தோல் என்பதனாலேயே தடை இல்லை. அது எதன் தோல் என்னும் ஐயமே தடை. இந்துச் சிப்பாய்க்குப் பசுத்தோலே அச்சம். இவ்விரு ஐயங்களும் தெளிவான ஒரு விளக்கத்தால் தீர்ந்திருக்கக் கூடியவை. தாடியோ அத்தகையதன்று. அது அண்ணல் நபி (ஸல்) அவர்களின் சுன்னத். அதை மழிக்கச் சொன்ன ஆணைக்கு எந்த விளக்கமும் மருந்தாகாது. குஞ்சத்தினும் தாடி விதியே முஸ்லிம்களைப் பெரிதும் புண்படுத்தியிருக்கும் என்பது நம் கருத்து.

ஜூலை 10ஆம் நாள் அதிகாலையில் கோட்டை வெடித்தது. கர்னல் ஃபேன்கோர்ட் உள்ளிட்ட நூற்றுக்கு மேற்பட்ட ஐரோப்பியர் மாண்டனர். திப்பு சுல்தான் ஷஹீதின் கொடி ஏறியது. ஆற்காட்டிலிருந்து கில்லெஸ்பி குதிரைப்படையுடன் விரைந்து வந்து கோட்டையை மீட்டார். பல நூறு சிப்பாய்கள் அன்றே உயிரிழந்தனர்.

எல்லாம் கோட்டையிலிருந்த திப்புவின் மக்கள் செய்த சதி என்று அக்காலத்திலேயே ஒரு சாரார் வாதிட்டனர். கொடி ஏறியதால் அரண்மனைச் சுற்றத்தாரின் தூண்டுதலை அறவே மறுப்பதற்கில்லை. ஆயினும் அந்த இளவரசர்கள் இல்லாத வாலாஜாபாத்திலும் ஹைதராபாத்திலும் நந்தி துர்க்கத்திலும் அதே தலைப்பாகையினால் அமைதியின்மை தோன்றியதே, அதற்கு என்ன விடை? சதி ஒரு கோட்டையில் அடங்கும். ஆணையோ எல்லாப் பாசறைகளுக்கும் சென்றது.

கும்பெனியும் உள்ளூர இதை உணர்ந்திருந்தது போலும். ஆணைகள் கைவிடப்பட்டன. ஆளுநர் பென்டிங் பிரபுவும் கிரடாக்கும் 1807இல் திருப்பி அழைக்கப்பட்டனர். ஆனால் திப்புவின் மக்கள் வேலூரில் விட்டுவைக்கப்படவில்லை. குடும்பத்துடன் கல்கத்தாவுக்கு அனுப்பப்பட்டார்கள்.